கிரீம் சீஸில் சாஸும் கார உணவுகளும்: திரியாமல் சமைக்கும் முறை

கிரீம் சீஸ் என்றதும் பெரும்பாலோருக்குச் சீஸ் கேக்கும் ரொட்டியில் தடவுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. பாஸ்தா சாஸ், சூப், மசித்த உருளைக்கிழங்கு, பூரணம் வைத்துச் சுட்ட கோழி என உப்பும் காரமும் சேர்ந்த உணவுகளில் அது செய்யும் வேலை அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். கொழுப்பு, புளிப்பு, கெட்டித்தன்மை ஆகிய மூன்றையும் ஒரே பொருள் கொண்டுவருவதால், மாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சும் வேலை இல்லாமலேயே பத்து நிமிடத்துக்குள் நல்ல சாஸ் ஒன்று தயாராகிவிடும். அப்படியிருந்தும் ஒருமுறை செய்துபார்த்துவிட்டுக் கைவிடுபவர்கள் உண்டு. சாஸ் மணல்மணலாகத் திரிந்துவிட்டது, வெள்ளைக் கட்டிகள் கரையவே இல்லை, இரண்டு வாய்க்கு மேல் திகட்டுகிறது என்பவையே அவர்கள் சொல்லும் குறைகள். மூன்றையும் தவிர்க்க முடியும். அதற்கு முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, கிரீம் சீஸ் தீயில் உருகும் பொருள் கிடையாது, சூடான திரவத்தில் இளகும் பொருள் என்பதே.

ஏன் உருகுவதில்லை

செடார், மொசரெல்லா போன்ற சீஸ் வகைகளை உறையவைப்பதில் ரென்னெட் என்னும் நொதிக்கே முதலிடம். அவற்றில் கேசின் என்ற பால் புரதம் கால்சியத்தின் பிணைப்பால் வலையாகக் கோத்துக்கொண்டிருக்கும். சூடு ஏறும்போது அந்த வலை தளர்ந்து ஓடத் தொடங்குகிறது. கிரீம் சீஸ் செய்வதற்கோ, பாலும் கிரீமும் சேர்ந்த கலவையில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களை வளரவிட்டு, அவை உண்டாக்கும் புளிப்பினால் உறையவைக்கிறார்கள். புளிப்பைக் காட்டும் அதன் பி.எச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 4.6-ஐ ஒட்டியிருக்கும். அந்தப் புளிப்பில் கால்சியம் புரதத்தைவிட்டுக் கரைந்து பிரிந்துவிடுவதால், சூடு மிகும்போது புரதம் ஓடுவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகிறது. இறுகும்போது தன்னிடமிருந்த நீரையும் கொழுப்பையும் வெளியே பிழிந்து தள்ளுகிறது. நாக்கில் மணலாகத் தட்டுப்படுவது இப்படி இறுகிய புரதத் துகள்களே. கொழுப்பு நிறைய இருப்பதாலும், பல தயாரிப்புகளில் கரோப் பிசின், குவார் கம், சாந்தன் கம் போன்ற நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுவதாலும் மிதமான சூட்டை அது நன்றாகவே தாங்கும். கொதியைத்தான் அதனால் தாங்க முடியாது.

வாங்கும்போது உறையில் கொழுப்பின் அளவைப் பார்ப்பது நல்லது. அமெரிக்க உணவு விதிகளின்படி கிரீம் சீஸ் என்ற பெயரில் விற்கப்படுவதில் பால்கொழுப்பு 33 சதவீதத்துக்குக் குறையாமலும், ஈரம் 55 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அங்கே நெஃப்ஷடெல் என விற்கப்படும் இலேசான வகையில் கொழுப்பு 20 முதல் 33 சதவீதத்துக்குள்ளும், ஈரம் 65 சதவீதம் வரையிலும் இருக்கலாம். கொழுப்பு குறையக் குறைய நீரும் புரதமும் மேலோங்குவதால் திரியும் வாய்ப்பும் கூடுகிறது. அடுப்பில் வைக்கும் சாஸுக்கு முழுக் கொழுப்புள்ள, செவ்வகக் கட்டியாக வரும் வகையே சிறந்தது. டப்பாவில் வரும், எளிதில் தடவக்கூடிய வகைகளில் பெரும்பாலும் ஈரம் சற்று அதிகமாக இருக்கும். அவற்றைச் சாஸுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் சேர்க்கும் திரவத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காற்றேற்றி அடித்த வகையைக் கரண்டிக் கணக்கில் அளந்தால் எடை ஏமாற்றிவிடும் என்பதால் தராசில் நிறுத்துக்கொள்வதே சரி. கொழுப்பு முற்றிலும் நீக்கிய வகையைச் சூடாக்கும் சமையலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுப்பில் வைப்பதற்கு முன்

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே சூடான வாணலியில் போடுவதுதான் கட்டி தட்டுவதற்கு முதல் காரணம். வெளிப்புறம் திரியும் சூட்டை எட்டியிருக்கும்போது உட்புறம் இன்னும் குளிர்ந்து இறுகியே இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பி வைத்தால் அரை மணி நேரத்தில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்துக்கு வந்துவிடும். அவசரமானால், பிரிக்காத உறையோடு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு வைக்கலாம். மைக்ரோவேவில் வைப்பதானால் உலோகத்தாளை முழுவதும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் பதினைந்து நொடிக்கு மேல் போகாமல் சூடாக்கிப் பார்க்க வேண்டும். எப்படியானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுவைக்கக் கூடாது.

அடிப்படைச் சாஸ்

மூன்று பேருக்குப் போதுமான சாஸுக்கு 120 கிராம் கிரீம் சீஸ், 150 மில்லி திரவம், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், பொடியாக நறுக்கிய இரண்டு பூண்டுப் பற்கள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் வேண்டும். திரவம் பாலாகவோ, காய்கறி அல்லது கோழி வேகவைத்து வடித்த சாறாகவோ இருக்கலாம். அடிகனமான வாணலியில் வெண்ணெயைச் சிறுதீயில் உருக்கிப் பூண்டைப் போட்டு, பச்சை வாசனை போகும் வரை நிறம் மாறாமல் வதக்க வேண்டும்; பூண்டு சிவந்தால் அதன் கசப்பு இந்த வெண்மையான சாஸில் மறைய இடமில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு திரவத்தில் பாதியை ஊற்றி, ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றி ஆவி எழும்பும் வரை சூடாக்கி, தீயை மிகக் குறைத்துக் கிரீம் சீஸ் துண்டுகளைப் போட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் கிண்டாமல் விட்டுவிடுங்கள். துண்டுகளின் முனைகள் மழுங்கி, சுற்றிலும் உள்ள திரவம் வெளுக்கத் தொடங்கும். அதன் பிறகு கரண்டியின் பின்புறத்தால் ஒவ்வொரு துண்டையும் வாணலியின் பக்கத்தில் அழுத்தித் தேய்த்து, கம்பி விஸ்க்கால் வட்டமாகக் கலக்கினால், முதலில் தயிரை உடைத்துவிட்டாற்போல் திட்டுத்திட்டாகத் தெரியும். பலர் இந்தக் கட்டத்தில் திரிந்துவிட்டதாக அஞ்சித் தீயைக் கூட்டிவிடுகிறார்கள். அதனால்தான் உண்மையிலேயே திரிகிறது. தீயைத் தொடாமல் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் கலக்கினால் திட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, பளபளப்பான, கரண்டியின் பின்புறத்தில் படியும் சாஸாக மாறும். மீதித் திரவத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி வேண்டிய பதத்துக்குக் கொண்டுவந்து, இறக்கிய பிறகே மிளகுத்தூளும், ருசி பார்த்துத் தேவைக்கேற்ப உப்பும் சேர்க்க வேண்டும்.

பாலை ஊற்றிச் செய்யும்போது கூடுதல் கவனம் தேவை. பாலின் பி.எச் 6.7-ஐ ஒட்டியிருக்கும், கிரீம் சீஸின் புளிப்பு அதில் கலந்தபின் கொதிக்கவிட்டால், சீஸோடு சேர்ந்து பாலும் திரியக்கூடும். ஒரு தேக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, அது கெட்டியான பிறகு கிரீம் சீஸைச் சேர்த்தால், மாவுச்சத்து புரதத் துகள்களுக்கிடையே புகுந்து அவை ஒட்டி இறுகாமல் தடுத்துவிடும். விருந்துக்கு முன்கூட்டியே செய்து வைத்து மறுபடி சூடாக்க வேண்டியிருந்தால் இந்த முறையே பாதுகாப்பானது. அன்றாடச் சமையலுக்கு அது தேவையில்லை. மாவு சேராத சாஸில்தான் பாலின் சுவை தெளிவாகத் தெரியும்.

ஃப்ரெஷ் கிரீமை வாணலியில் கொதிக்கவைத்துச் சுண்டச் செய்து கெட்டியாக்குவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் கிரீம் சீஸ் சாஸையும் சுண்டவைக்க முயல வேண்டாம். சாஸ் நீர்த்துவிட்டதென்றால் இன்னும் இரண்டு துண்டு சீஸைச் சேர்ப்பதே வழி. ஆறும்போது இது நன்றாக இறுகும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கும்போது விரும்பும் பதத்தைவிடச் சற்று இளக்கமாகவே இருக்கட்டும்.

பாஸ்தாவோடு

பாஸ்தா வேகவைத்த நீர் இந்தச் சாஸுக்குப் பாலைவிடவும் பொருத்தமானது. அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்தே சாஸைக் கட்டிக்காக்கிறது. 250 கிராம் பாஸ்தாவுக்கு 150 கிராம் கிரீம் சீஸ், 30 கிராம் துருவிய பார்மேசான் சீஸ், 150 முதல் 200 மில்லி வரை பாஸ்தா வெந்த நீர் என்பது கணக்கு. நீரை வடிப்பதற்கு முன் ஒரு பெரிய கோப்பை நிறைய எடுத்து வைத்துவிட வேண்டும். மறந்து கொட்டிவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. வாணலியில் கிரீம் சீஸை இந்த நீரில் பாதியைக் கொண்டு இளக்கி, பாஸ்தாவைப் போட்டு, தீயை அணைத்துவிட்டு, மீதி நீரைத் தெளித்தபடி புரட்ட வேண்டும். பார்மேசானைக் கடைசியாகத் தூவிப் புரட்டினால் அது தனியாகத் திரண்டு நிற்காமல் சாஸோடு கலந்துவிடும். பார்மேசான், வெந்த நீர், கிரீம் சீஸ் மூன்றிலும் உப்பு இருப்பதால், ருசி பார்க்காமல் உப்பைத் தொடவே வேண்டாம்.

செடார் சேர்த்த கெட்டியான சீஸ் சாஸ் வேண்டுமானால், 200 மில்லி பாலில் 100 கிராம் கிரீம் சீஸை இளக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, அதே அளவு துருவிய செடாரைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்க வேண்டும். செடார் மட்டும் போட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் இடத்தில், கிரீம் சீஸ் கொழுப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

தக்காளிச் சாஸில் கிரீம் சீஸைச் சேர்த்தால் திரிந்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. பாலைச் சேர்த்தால் திரியலாம். கிரீம் சீஸோ ஏற்கெனவே தக்காளியை ஒட்டிய அளவுக்குப் புளித்துவிட்ட பொருளாதலால், தக்காளியின் புளிப்பு அதற்குப் புதிதல்ல. தக்காளியை நன்றாக வதக்கி, பச்சை வாசனை போய்ச் சாறு சுண்டியபின் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் சூடு தணியவிட்டு, அரைக் கிலோ தக்காளிக்கு 80 கிராம் என்ற அளவில் சேர்க்கலாம். இளக்குவதற்குப் பால் வேண்டாம், காய்கறிச் சாறோ பாஸ்தா வெந்த நீரோ போதும். இந்தச் சாஸுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரையும் சில துளசி வகை பேசில் இலைகளும் நன்றாகப் பொருந்தும்.

திரிந்துவிட்டால்

வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் முதலில் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். வழுவழுப்பாகப் பூசிக்கொண்டால் அது இன்னும் இளகாத சீஸ். மெதுவாகக் கலக்கினாலே போய்விடும், அல்லது கம்பிச் சல்லடையில் வடித்துவிடலாம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது இறுகிய புரதம். அப்போது உடனே அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் விட்டுக் கை பிளெண்டரால் அரைத்தால் பெரும்பாலும் சீராகிவிடும். கொழுப்பு தனியே பிரிந்து மிதக்கும் அளவுக்குப் போயிருந்தால், வேறொரு பாத்திரத்தில் 30 கிராம் புதிய கிரீம் சீஸைச் சிறிது வெந்நீரில் இளக்கிக்கொண்டு, திரிந்த சாஸை அதில் கரண்டி கரண்டியாக ஊற்றி விடாமல் கலக்க வேண்டும். சாஸ் சேர்ந்துவிடும், ஆனால் முதலில் இருந்த வழுவழுப்பு முழுமையாகத் திரும்பாது. அதை ஓவனில் சுடும் உணவுக்குப் பயன்படுத்திக்கொள்வது உத்தமம்.

திகட்டாமல் இருக்க

கொழுப்பு நாக்கில் படலமாகப் படிந்து மற்றச் சுவைகளை மழுங்கடிக்கிறது. எனவே கிரீம் சீஸ் சேரும் எந்த உணவிலும் எதிர்ச்சுவை ஒன்று அழுத்தமாக இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றைவிட எலுமிச்சைத் தோலின் துருவல் எனக்கு மிகவும் உகந்தது, ஏனென்றால் அது சாஸை நீர்க்கச் செய்யாமல் மணத்தைத் தருகிறது. கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, பொடித்த மிளகு, உலர்மிளகாய்ச் செதில்கள், நறுக்கிய வெங்காயத்தாள், டில், பார்ஸ்லி ஆகியவற்றில் எதுவும் பொருந்தும். பச்சை இலைகளைக் கடைசியில்தான் போட வேண்டும். இந்தச் சாஸில் இன்னும் கிரீமையோ வெண்ணெயையோ கூட்டுவது, செழுமை சேர்ப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் சுவையை மங்கச் செய்கிறது. பூண்டும் மூலிகைகளும் முன்கூட்டியே கலந்து விற்கப்படும் கிரீம் சீஸைச் சாஸுக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. அதில் உப்பையும் மணத்தையும் நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இடமில்லை.

காளான் இந்தச் சீஸுக்கு வாய்த்த மிகச் சிறந்த துணை என்பேன். 250 கிராம் காளானை நறுக்கி, அகன்ற வாணலியில் நெருக்கமில்லாமல் பரப்பி, ஓங்கிய தீயில் அது விடும் நீர் முழுவதும் வற்றிப் பொன்னிறமாகும் வரை வறுக்க வேண்டும். நீர் வற்றாத காளானில் சீஸைச் சேர்த்தால் சாஸ் சாம்பல் நிறமாக நீர்த்துக் கிடக்கும். பிறகு 150 மில்லி காய்கறிச் சாறு ஊற்றி, வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்து, தீயைக் குறைத்து 100 கிராம் கிரீம் சீஸையும் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதையும் சேர்த்து இளக்கினால், சுட்ட கோழி, மீன், உருளைக்கிழங்கு எதன்மீதும் ஊற்றக்கூடிய சாஸ் கிடைக்கும். கோழி வறுத்த வாணலியிலேயே இதைச் செய்தால் இன்னும் சிறப்பு.

சூப்பும் மசியலும்

பூசணி, புரோக்கோலி, காலிஃபிளவர், சோளம் ஆகியவற்றில் செய்யும் சூப் ஒன்றேகால் லிட்டருக்கு 100 கிராம் கிரீம் சீஸ் போதும். காய்கள் வெந்தபின் அடுப்பை அணைத்து, சீஸ் துண்டுகளைப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே அரைத்துவிடலாம். தனியாக இளக்கும் வேலை மிச்சம். மிக்ஸியில் அரைப்பதானால் சூடான சூப்பை ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாமல், ஆவி வெளியேற மூடியில் இடம் விட்டு அரைக்க வேண்டும்.

மசித்த உருளைக்கிழங்கில் ஒரு கிலோவுக்கு 120 கிராம் கிரீம் சீஸும் 40 கிராம் வெண்ணெயும் சேர்த்தால், ஓவனில் மறுநாள் சூடாக்கினாலும் காய்ந்துபோகாது. கிழங்கை வடித்ததும் பாத்திரத்தை மறுபடி சிறுதீயில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கிய பிறகு மசிப்பது முக்கியம்.

ஓவனிலும் முட்டையோடும்

சுடும் உணவுகளில் கிரீம் சீஸ் வேறு விதமாக நடந்துகொள்கிறது. கலக்கப்படாமல் அப்படியே சூடேறும்போது, அது ஓடிவிடாமல் இருந்த இடத்திலேயே மென்மையாகிறது. அதனால்தான் காளான் குடைகளிலும், பாதியாக வெட்டிய குடைமிளகாயிலும், கோழி நெஞ்சுக்கறியின் உள்ளேயும் வைக்கும் பூரணத்துக்கு அது இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. ஆயினும் பூரணம் நிறைந்து வழிந்தால் வெளியேறத்தான் செய்யும். கோழித் துண்டு ஒன்றுக்கு 30 முதல் 40 கிராம் பூரணம் போதும். வதக்கி ஒட்டப் பிழிந்த பசலைக்கீரை, பூண்டு, சிறிது பார்மேசான், ஒரு மேசைக்கரண்டி ரொட்டித்தூள் ஆகியவற்றைக் கிரீம் சீஸோடு கலந்து, அரை மணி நேரம் குளிரவைத்து, கறியின் பக்கவாட்டில் கீறிய பைக்குள் வைத்துப் பல்குச்சியால் மூட வேண்டும். வாணலியில் இருபுறமும் சிவக்க வாட்டிவிட்டு, 200 டிகிரி செல்சியஸில் சூடேற்றிய ஓவனில் 18 முதல் 25 நிமிடம் வரை சுட வேண்டும். கறியிலும் பூரணத்தின் நடுவிலும் வெப்பநிலை 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். பூரணம் கோழிச் சாற்றோடு கலந்திருப்பதால் அதையும் அளப்பது கட்டாயம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் உள்ளிருப்பது ஓடாது.

கீரையில் செய்யும், தொட்டுச் சாப்பிடும் சூடான டிப்புக்கு 225 கிராம் கிரீம் சீஸ், 120 கிராம் கெட்டித் தயிர், வதக்கிப் பிழிந்த 250 கிராம் கீரை, 50 கிராம் துருவிய பார்மேசான் ஆகியவற்றைக் கலந்து 180 டிகிரியில், ஓரங்கள் குமிழியிட்டு மேற்புறம் ஆங்காங்கே சிவக்கும் வரை சுட்டால் போதும். 20 நிமிடத்திலிருந்து கவனிக்கத் தொடங்கலாம். கீரையைப் பிழிவதில் கஞ்சத்தனம் கூடாது, துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும்.

பொரித்துக் கிளறும் முட்டையில், நான்கு முட்டைக்கு 40 கிராம் கிரீம் சீஸைக் குளிர்ந்த நிலையிலேயே பட்டாணி அளவில் கிள்ளிப் போடுவது ஒரு நல்ல உத்தி. முட்டை பாதி இறுகியதும் போட்டால், சீஸின் குளிர்ச்சி வேகும் வேகத்தைத் தணிப்பதோடு, ஒவ்வொரு வாயிலும் சிறு புளிப்புத் துணுக்காகத் தனித்து நிற்கவும் செய்யும். இங்கு மட்டும் அது முழுவதும் கரையாமல் இருப்பதே சுவை.

கார டார்ட்டுக்கான மேலோடு செய்யவும் கிரீம் சீஸ் உதவுகிறது. 115 கிராம் கிரீம் சீஸ், 115 கிராம் வெண்ணெய், 140 கிராம் மைதா, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை நீர் சேர்க்காமல் பிசைந்து, தட்டையாக்கி மூடி, ஒரு மணி நேரம் குளிரவைத்துத் தேய்த்தால், எளிதில் கிழியாத, மென்மையாக உதிரும் மேலோடு கிடைக்கும். மிகுதியாகப் பிசைந்தால் இறுகிவிடும். மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மிஞ்சியதைச் சேமிக்க

உறையைப் பிரித்த கிரீம் சீஸை காற்றுப் புகாமல் மூடிக் குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது இதுபோன்ற மென்மையான சீஸில் சரியன்று. செய்த சாஸை இரண்டு, மூன்று நாள் வைத்திருக்கலாம். மறுபடி சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி நீரோ பாலோ விட்டுச் சிறுதீயில் கலக்க வேண்டும், மைக்ரோவேவானால் பாதி சக்தியில் வைத்து இடையிடையே எடுத்துக் கலக்க வேண்டும். கட்டியை உறையவும் வைக்கலாம். உறைந்து இளகியபின் அது உதிரியாகி நீர் விடுவதால் ரொட்டியில் தடவ உகந்ததாக இராது. ஆனால் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, நன்றாக அடித்துவிட்டுச் சூப்பிலோ டிப்பிலோ பூரணத்திலோ சேர்த்தால் வித்தியாசம் தெரியாது.